எழுபத்தொன்றிலிருந்து அறுபது

இன்பநாதன் இறந்து இரண்டு மாதம் கழித்து, அவர் சேர்த்து வைத்த எடைச் சீட்டுகளைப் பார்த்து மேவிஸ் வரைபடத்தாளில் புள்ளி வைக்கத் தொடங்கினாள். அப்பா தானாக இளைத்தது எந்தத் தேதி வரை, நோய் இளைக்க வைத்தது எந்தத் தேதியிலிருந்து என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இளைக்கச் சொன்னவள் அவள்தான்.

இன்பநாதன் பூனாவில் ராணுவப் பணிமனை ஒன்றில் கூடாரம் தைத்தவர். விஷ்ராந்த்வாடியில் வீடு. 1978இல் கேம்ப் பகுதிப் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. முதன்முதலில் பறக்க முயன்றவர்களின் படங்கள் அதில் இருந்தன. அன்றிலிருந்து பிடித்தது கிறுக்கு. ஏலத்தில் எடுத்த பாராசூட் துணி, அலுமினியக் குழாய். நான்கு வருடத்தில் எஞ்சின் இல்லாத மூன்று கிளைடர் இறக்கை செய்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திகிக் குன்றுச் சரிவில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவார். கால் மட்டும் தரையை விடாது. ஒருமுறை மணிக்கட்டு முறிந்தது. ஒருமுறை பல் போனது.

"கோயிலுக்குப் போன சட்டையோடயா விழணும்?" என்பாள் மனைவி ஃப்ளோரா.

"மொதல்ல பறந்தவன் கோட்டு, டை எல்லாம் கட்டிட்டுல்லா விழுந்திருக்கான். படத்தப் பாரு."

1982 ஜூனில், பொறியியல் முடித்து வேலையில் சேர்ந்திருந்த மேவிஸ் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவர் ஓடுகிற வேகத்துக்கு அந்த இறக்கை அவர் எடையைத் தூக்காது. இறக்கையைப் பெரிதாக்கத் துணி இல்லை.

"அப்போ நான் கொறையணும். எத்தன கிலோ?"

"எழுபத்தொண்ணுல இருக்கீங்க. அறுபதுக்கு வரணும். ஆகுற காரியமாப்பா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"பறக்க நெனச்சவன்ல பாதிப் பேரு விழுந்தே செத்தான். எவனாவது மககிட்ட கணக்குக் கேட்டானா? நான் கேட்டுட்டேன்லா."

இரவுச் சோறு நின்றது. சனிக்கிழமைதோறும் ரயில் நிலைய எடை இயந்திரத்தில் ஏறி, விழுந்த சீட்டைத் தேதி போட்டு நோட்டில் ஒட்டினார். ஒவ்வொரு கிலோவுக்கும் மேவிஸ் கை குலுக்கினாள்.

1983 பிப்ரவரியில் அறுபது. சரிவில் ஓடினார். கால் தரையை விட்டது. ஸ்டாப்வாட்ச் மேவிஸின் கையில் இருந்தது. கீழே சோள வயலில் குப்புற விழுந்து கிடந்தவர் அவள் ஓடி வருவதற்குள் புரண்டு படுத்துச் சிரித்தார்.

"எத்தன?"

"ஒம்பது செகண்டு."

"பத்துன்னு எழுதிராத. ஒம்பதே போதும்."

அதற்குப் பிறகு மனைவியும் மகளும் வயிறாரச் சாப்பிடச் சொன்னார்கள். முயன்றார். எடை ஏறவில்லை. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தேழு. ஏப்ரலில் மருத்துவமனை. வயிற்றில் புற்று. எப்போதிலிருந்து இளைக்கிறார் என்று டாக்டர் மேவிஸிடம் கேட்டார். ஆகஸ்டில் அடக்கம்.

இப்போது புள்ளிகளைச் சேர்த்தாள். நோய் நுழைந்த இடத்தில் கோடு மடங்கும் என்று நம்பியிருந்தாள். மடங்கவில்லை. ஜூனிலிருந்து ஏப்ரல் வரை ஒரே சரிவு.

"அம்மா, அப்பாவுக்குப் பசி எப்ப போச்சு?"

ஃப்ளோரா அரிசி களைவதை நிறுத்தினாள். "கிறிஸ்மஸுக்குக் கேக்கு எடுத்து வச்சேன். வாசனையே பிடிக்கலன்னு தள்ளிட்டாங்க. வைராக்கியம்னு நெனச்சேன். ஏன் கேக்க?"

டிசம்பர் சீட்டில் அறுபத்துமூன்று. மேவிஸ் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தாள். அறுபத்துமூன்றில் அந்த இறக்கை தூக்காது. கடைசி மூன்று கிலோவைக் குறைத்தது அப்பாவா, நோயா? நோய் என்றால், அவரைத் தூக்கியதும் அதுதானா? இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். கணக்கில் பிழை இல்லை.

டிசம்பர் வரை இருந்த கோட்டை அழுத்தி வரைந்தாள். அதற்குப் பிறகு இருந்ததை அழித்துவிட்டு, விட்டு விட்டுப் போட்டாள்.

"அது ஏன் துண்டு துண்டாப் போடுத?" ஃப்ளோரா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இன்ஜினியரிங் படத்துல மறைஞ்சிருக்கத அப்படித்தாம்மா போடுவோம்."

"பறந்தாங்களே, அது?"

பிப்ரவரி அந்தத் துண்டுக் கோட்டில்தான் விழுந்தது. மேவிஸ் பென்சிலைச் சீவி, அறுபதுக்கு நேரே ஒரு புள்ளியை அழுத்தி வைத்து, பக்கத்தில் ஒன்பது என்று எழுதினாள்.