சனிக்கிழமைப் படம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. புத்தகத்தை வாசித்து முடிக்காமல் படத்தைப் பார்க்கக் கூடாது. சட்டத்தைப் போட்டவர் என் அக்கா, ராத்தா. அதற்குக் கட்டுப்பட வேண்டியவள் நான் ஒருத்திதான்.

ராத்தா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். அந்தப் புத்தகத்தை அவருக்கு இரவல் கொடுத்தவர், அவர் படித்த பள்ளிக்கூடத்தின் ஆங்கில டீச்சர். எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் வாசித்த பழைய நாவலாம். அதைப் படமாக எடுத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் திரை கட்டிக் காட்டப் போவதாக டீச்சர் சொல்லியிருந்தார்.

எனக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. பின்னேரங்களில், தண்ணீர்த் தாங்கியின் நிழலில் உட்கார்ந்து, ராத்தா ஒவ்வொரு பக்கமாக வாசித்து எங்கள் கதைப்பேச்சில் எனக்குச் சொல்லுவார். அணைந்துகொண்டிருக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பழுதுபார்க்க ஒரு சிறுமி கிளம்புகிறாள். அவளுடைய வாகனம் வெளிச்சத்தைவிட வேகமாகப் போகும். அது எப்படி முடியும் என்று கேட்டால், ராத்தா மணலில் கோடு கீறி விளங்கப்படுத்துவார். அவருக்குப் பௌதிகவியல் என்றால் உயிர். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் தலையாட்டுவேன்.

“நட்சத்திரம் எரியுமா ராத்தா? முடிவைச் சொல்லுங்களேன்.”

“பொறு புள்ள. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருவம். வாசிக்காம பாத்தா, எடுத்தவன்ட கண்ணாலதான் பாப்பாய்.”

வாப்பா கட்டாரில் வேலை செய்தார். வீட்டில் எதற்கும் உம்மாவின் மூத்த சகோதரரான மாமா சொன்னதுதான் சொல். ராத்தாவுக்கு அக்கரைப்பற்றில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். நிச்சயம் செய்த பெண் தெருவில் திரிவது அழகில்லை என்பது அவருடைய கொள்கை. சின்னவள் படம் பார்க்க ஆசைப்படுகிறாள், நான்தான் கூட்டிப் போக வேண்டும் என்று ராத்தா நாலைந்து நாள் கெஞ்சிய பிறகுதான் உம்மா இணங்கினார். எனக்காக ராத்தா இவ்வளவு பாடுபடுகிறாரே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாமா வந்தார். நெல் ஏற்றி அனுப்பிவிட்டு வந்த களைப்பு. தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சனிக்கிழமை ராத்தாவோட எங்க போறாய் மகள்?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், நட்சத்திரம், டீச்சர், திரை. மாமா இவ்வளவு பொறுமையாக நான் கதைப்பதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. படத்தின் பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர், தன் ஃபோனை என் கையில் தந்தார். அந்தப் படமே அதில் இருந்தது. அதுவும் தமிழில் கதைத்தது.

“அதுக்கேன் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்? இப்பவே பாரு.”

நான் சட்டத்தை நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். புத்தகத்தில் இன்னும் முப்பது பக்கம் இருந்தது. ராத்தா குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் ஹாலின் மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, சோற்றுக்குக் கூப்பிட்டும் எழும்பாமல், முழுவதையும் பார்த்தேன். முடிவில் நட்சத்திரம் திரை நிறையப் பற்றி எரிந்தது. ஓடிப்போய் உம்மாவுக்கும் மாமாவுக்கும் சொன்னேன். குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராத்தாவுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“முழுக்கப் பாத்திட்டியா?” என்று ராத்தா கேட்டார்.

“ஓம்.”

மாமா உம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “அவள் பாத்திட்டாள்தானே. இனி நாளைக்கு அங்க போற வேலை இல்ல.”

உம்மாவும் அது சரி என்றார். ராத்தா திரும்பிக் குசினிக்குள் போனார். சட்டத்தை மீறியதற்காக என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. சொல்லப் போன இடத்தில் அந்த டீச்சர் சந்தோஷப்பட்டார், பிறகு அழுதார். அப்போதுதான் தெரிந்தது. ராத்தாவுக்கும் அனுமதி கிடைத்திருந்தது, கண்டிப் பக்கம், பௌதிகவியல் படிக்க. வீட்டில் மூச்சு விடவில்லை. படிவங்களையெல்லாம் நிரப்பி டீச்சரிடம் கொடுத்து வைத்திருந்தார். சனிக்கிழமை என்னை மண்டபத்தில் உட்கார்த்திவிட்டு, டீச்சரோடு தபால் கந்தோருக்குப் போய், கையெழுத்துப் போட்டு பதிவுத் தபாலில் அனுப்புவதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு அனுப்பினால் குறித்த திகதிக்குள் போய்ச் சேராது. ராத்தா வராததால் டீச்சர் உம்மாவின் ஃபோனுக்கு இரண்டு முறை எடுத்தாராம். இரண்டு முறையும் மாமாதான் கதைத்தாராம். அவளுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறாள் என்றாராம்.

மாமா நல்ல மனிதர் என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு முன்போ பின்போ அவர் எனக்கு ஒரு படமும் காட்டியதில்லை.

இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. ராத்தாவுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். டீச்சர் சொன்னதை நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

அந்தச் சனிக்கிழமை காலை, மண்டபத்தில் படம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ராத்தா என்னைத் தண்ணீர்த் தாங்கியின் அருகே கூப்பிட்டார். மிச்சமிருந்த முப்பது பக்கத்தையும் ஒரே இருப்பில் வாசித்துச் சொன்னார். குரலில் ஒரு பிசிறும் இல்லை. இடையிடையே நான், “படத்தில இப்படி இல்ல” என்று திருத்திக்கொண்டே இருந்தேன். புத்தகத்தில் அந்தச் சிறுமி பிந்திப் போய்ச் சேருகிறாள். அவளுடைய கண் முன்னாலேயே நட்சத்திரம் அணைகிறது. கடைசி வரியைச் சொல்லிவிட்டு ராத்தா புத்தகத்தை மூடி, தாவணியால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். வெகு நேரம் அழுதார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

“அழாதீங்க ராத்தா,” என்றேன். “படத்தில அது எரியுது.”