உட்கார இடமில்லாத வண்டி

பிரேம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் இருக்கும் படத்தை விட்டுவிட்டு அதன் சட்டத்தைத்தான் பார்ப்பார்கள். மூலை சரியாகச் சேர்ந்திருக்கிறதா, அட்டை பழுப்பேறிவிட்டதா, கண்ணாடிக்குள் பூச்சி புகுந்திருக்கிறதா என்று கண் அதிலேயே மேயும். கடைத்தெருவில் எல்லோரும் பிரேம்காரி என்று கூப்பிடும் நம் ஆளும் இதற்கு விலக்கல்ல. பிறந்ததிலிருந்து வீட்டு ஹாலில் தொங்கும் அப்பாவின் பந்தயப் படத்துக்கு இரண்டு தடவை வார்னிஷ் அடித்திருக்கிறாள், ஒரு தடவை கண்ணாடி மாற்றியிருக்கிறாள். படத்தைப் பார்த்தாயா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

கறுப்பு வெள்ளைப் படம். அப்பா பெட்ரோல் டேங்கின் மேல் மோவாயை அழுத்திக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறார். ஓரத்தில், சட்டத்தை ஒட்டினாற்போல, கையுறை போட்ட ஒரு கை ஏதோ கம்பியைப் பிடித்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த எவனோ தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று வீட்டில் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டார்கள். வேடிக்கை பார்ப்பவன் எதற்குக் கையுறை போட வேண்டும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சொந்த வீட்டுச் சுவர் என்றால் யாருக்குத்தான் கண் தெரிகிறது?

அப்பா ஓட்டியது மூன்று சக்கரப் பந்தய வண்டி. மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் ஒரு தட்டையான பலகையைப் பிணைத்து, அதற்கு ஒரு சக்கரம் மாட்டியிருப்பார்கள். மோட்டார் கிளப்பில் அவருக்குப் 'புயல்' என்று பட்டப்பெயர். பிறகு பஸ் டெப்போவில் எண்ணெய்க் கையோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற மனிதர், இப்போதும் யாராவது 'புயல்' என்று கூப்பிட்டுவிட்டால் தலைகால் புரியாது. அவரிடம் ஒரே ஒரு கதை உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் முதல் மாப்பிள்ளை வரை அதிலிருந்து தப்பியவர் எவருமில்லை.

"கடைசி வளைவு. முன்னாடி சிவப்பு வண்டி. பிரேக் பிடிச்சா ரெண்டாவது. பிடிக்கலைன்னா ஒண்ணு முதலிடம், இல்ல ஆஸ்பத்திரி. ஒரே ஒரு நொடி யோசிச்சேன். பிடிக்கலை!"

இந்த இடத்தில் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். கேட்கிறவர் ஜெயித்த கோப்பை எங்கே என்று கண்ணால் தேட, அலமாரியைக் கைகாட்டுவார்.

அம்மாவும் அந்த வண்டியில் கூட உட்கார்ந்து போவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. "உங்க அம்மாவும் பக்கத்துல வருவா" என்று அப்பாவே சொல்வார். பிள்ளைகள் அதை ஓசி சவாரி என்று கேலி செய்வார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

மோட்டார் கிளப் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, பழைய வீரர்களின் படங்களை வரவேற்பறைச் சுவரில் வரிசையாக மாட்டத் தீர்மானித்தார்கள். வேலை பிரேம்காரிக்கு வந்தது. எல்லாம் ஒரே அளவு, நிமிர்ந்த வாக்கில், படத்துக்கு ஒரு பெயர். வரிசையில் புயலும் உண்டு. அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அன்றைக்கே முடிவெட்டிக்கொண்டு வந்துவிட்டார், விழாவுக்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருந்தது.

ஹால் படம் வெளிறிப்போயிருந்தது. வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தையல் மெஷினுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள். "அதுல கிடக்கும் பாரு."

கிடந்தன. கையகலப் படங்கள், ஓரம் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. பிரேம்காரி அவற்றைப் பக்குவமாகப் பிரித்துக் கட்டிலில் பரப்பினாள். பரப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு படத்தில்கூட அந்தப் பலகையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒரு படத்தில் தலைக்கவசம் போட்ட ஒல்லி உருவம் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஏறி, பின்சக்கரத்தின் மேல் கவிழ்ந்து, வலப்பக்கம் தொங்குகிறது. இன்னொன்றில் அதே உருவம் இடப்பக்கம் முழு உடம்பையும் வண்டிக்கு வெளியே எறிந்திருக்கிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறது, தோள் தரையை உரசுகிறது, தலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு செங்கல் நுழையாது. அப்பா அதே மோவாய், அதே டேங்க். இந்தப் படத்தைத்தான் அவர் நறுக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார். அந்தக் கை வேடிக்கை பார்த்தவனுடையது அல்ல.

"அம்மா, இது யாரு?"

"யாரா இருக்கும்? நான்தான்."

"நீ கூட உட்கார்ந்துதானே போவே?"

அம்மா ஒரு போர்வையை உதறினாள். "அதுல உட்கார ஏதுடி இடம்? வெறும் பலகை. இடது வளைவுன்னா இடப்பக்கம் தொங்கணும், வலதுன்னா ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னாடி விழணும். இல்லைன்னா வண்டி குப்புறக் கவுந்துடும்."

துணி மடிக்கிற வாக்கிலேயே மீதியும் வந்தது. பந்தய வண்டிப் பட்டறைக்குப் பக்கத்தில் வண்டி சீட் தைக்கிற கடையில் அம்மா வேலை பார்த்தாள். அந்தப் பலகைக்கு மெத்தை தைக்க அளவெடுக்கப் போனவள். அப்பாவோடு வழக்கமாக வருகிறவன் வெளியூர் வேலை கிடைத்துப் போய்விட்டான், பந்தயமோ தலைக்கு மேல் வந்துவிட்டது. தைத்த மெத்தை முழங்காலுக்குப் பொருந்துகிறதா என்று இவள் மண்டிபோட்டுப் பார்த்திருக்கிறாள். அப்பா சும்மா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார். வளைவு வந்ததும் இவள் யாரும் சொல்லாமலே சாய்ந்துவிட்டாள். அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கி, "இதுக்கு முன்னாடி எங்க ஓட்டினீங்க?" என்று கேட்டாராம். கல்யாணமெல்லாம் அப்புறம்.

"அந்தப் படத்தை ஏம்மா வெட்டினார்?"

"கல்யாணத்துக்கு வந்த பிரேம், வீணாகக் கூடாதுன்னு. படம் அகலம், பிரேம் ஒடுக்கம். நான்தான் கத்தரிக்கோல் எடுத்துக் குடுத்தேன்."

பிரேம்காரிக்குப் பெருமை பொங்கியது, கூடவே கோபமும். தன் அம்மா, சந்தைக்குப் போனால் ரோட்டைக் கடக்க இவள் கையைத் தேடுகிற அம்மா, சாலையில் தோள் உரசப் பறந்தவள்! ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டிய சமாசாரம், மெஷினுக்கு அடியில் கிடந்திருக்கிறது. "இத்தனை வருஷமா ஏன் வாயைத் திறக்கலை?" என்று கத்தியேவிட்டாள்.

அம்மா எழுந்து போய் ஹால் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"திறந்தா எல்லாத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். வளைவுக்கு முன்னாடியே நான் சாயணும், அப்பத்தான் அவர் திருப்ப முடியும். வழக்கமா அவர் தோளைக் கொஞ்சம் இறக்குவார், அதைப் பார்த்துத்தான் நான் சாய்வேன். அந்தக் கடைசி வளைவுல தோள் இறங்கலை. பிரேக்குக்குக் கால் போச்சு. பின்னாடி இருந்து நான் பார்த்தேன். பார்த்துட்டே சாஞ்சுட்டேன். நான் அப்படித் தொங்கும்போது பிரேக் பிடிச்சா நான் சக்கரத்துக்கு அடியில போயிடுவேன். அவருக்குத் திருப்புறதைத் தவிர வேற வழியில்லை."

பிரேம்காரி கட்டிலில் கிடந்த அந்தப் படத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"தான் முடிவெடுத்ததா அவர் நம்பிட்டார். நம்பட்டும். டெப்போவுல அவரை ஒரு பய மதிச்சதில்லை. அந்த ஒரு நொடியை வெச்சுத்தான் அந்த மனுஷன் நிமிர்ந்து நடக்கறார். நீ எதையாவது உளறி வெச்சே, அப்புறம் இருக்கு உனக்கு."

சத்தியம் வாங்காத குறைதான். பிரேம்காரி அதைச் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் படத்தை நறுக்க மட்டும் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். முழுப்படத்தையும் பெரிதாக்கி, அகலச் சட்டம் போட்டு, கீழே இரண்டு பெயர் எழுதினாள். கிளப் செயலாளர் கடைக்கே வந்து தலையைச் சொறிந்தார்.

"என்னங்க இது, ஒரு ஆளு ரெண்டு ஆளு இடத்தை அடைக்கிறாரு?"

"ரெண்டு ஆளுதான் சார் இருக்காங்க. எண்ணிப் பாருங்க."

செயலாளர் எண்ணிப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் போய்விட்டார்.

அப்பாவிடம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. அகலப் படத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "உங்க அம்மா இருக்கட்டும், நான் வேண்டாம்னா சொன்னேன்? ஆனா வண்டியை ஓட்டினது நான்ம்மா. எனக்குன்னு ஒரு நாள் வருது..." என்று இழுத்தார். பிரேம்காரிக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சமையலறை வாசலில் அம்மா நின்று முறைத்தாள். மகள் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

விழா அன்று வரவேற்பறை நிறையக் கூட்டம். புது பெயிண்ட் வாசனையும், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டைகளும். பழைய வீரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. அப்பாவின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தார். எத்தனை வருஷப் பழக்கம், தடங்கலே இல்லை. கடைசி வளைவு, சிவப்பு வண்டி, ஒரு நொடி. "பிடிக்கலை!" என்று தொடையைத் தட்டினார். கூட்டம் கைதட்டியது. தட்டி முடித்த பிறகும் ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அம்மாவைப் போலவே பலகையில் தொங்குகிற வேலையை இப்போது கிளப்பில் பார்க்கிற பெண். முழங்கையில் புதிதாகத் தோல் உரிந்த காயம். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பாவை அல்ல.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்த வளைவுல அம்மா எப்ப சாஞ்சாங்க? நீங்க முடிவெடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அந்தத் தொழில் தெரிந்த எவரும் கேட்கக்கூடிய கேள்விதான். குசும்பு எதுவும் இல்லை அதில்.

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் அந்த நொடிக்குள் போய்த் தேடுவது முகத்தில் தெரிந்தது. முன்னால் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பின்னால் நடந்ததை எப்படிக் கண்டிருப்பார்? மைக்கை இறக்கிவிட்டு, முன்வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ எப்ப சாஞ்சே?"

பிரேம்காரி அம்மாவின் கையைப் பிடித்தாள். பின்னாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை பிழைத்துக்கொள்ளும். அம்மா சொல்லியிருப்பாள், சந்தேகமில்லை. ஆனால் கேள்வி கேட்ட பெண் தோல் உரிந்த கையோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய் அந்தப் பொய்யைச் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை.

"முன்னாடி" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே புரிந்திருக்காது. அப்பாவுக்குப் புரிந்தது. அவர் அகலப் படத்தின் பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தரையை உரசும் அந்தத் தோளை வெகுநேரம் பார்த்தார். போச்சு, ஒரு மனிதரிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கியாயிற்று என்று பிரேம்காரி தன்னையே நொந்துகொண்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா மைக்கைச் செயலாளர் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். நேராகக் கதவுப் பக்கம் போவார் என்றுதான் மகள் நினைத்தாள். அவர் போகவில்லை. முதல் நாற்காலியில் டீயும் கையுமாக இருந்த ஒருவரை, அவர் யார் எவர் என்றுகூடத் தெரியாது, முழங்கையைப் பிடித்துக் கிளப்பிப் படத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தினார். மைக் இல்லாமலே அந்தக் குரல் அறையின் கடைசி வரை கேட்டது.

"இங்க பாருங்க சார். இது நான். பயந்துட்டேன். பிரேக்குக்குக் கால் போயிடுச்சு. இதோ, இவ விடலை!"