பத்துச்சீட்டு

மரியநாயகி கோபக்காரி இல்லை. வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷமாகக் கொழுந்து எடுப்பவள். ஒரே ஒரு நாள் காலையில் மட்டும், தண்ணீர்க் குழாயடியில் வாய்ச்சண்டை முற்றி, லயன் வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் லெட்சுமியைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். லெட்சுமி படிக்கட்டில் விழுந்து வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து விஷயம் பொலிசுக்குப் போய், அங்கிருந்து கோர்ட்டுக்கும் போனது. மரியநாயகி ஒரு வார்த்தை மறுக்காமல் ஒப்புக்கொண்டாள். சிறை மறியலுக்குப் பதிலாக மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தீர்ப்பானது.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ரயிலேறி ஹட்டனுக்குப் போய், நன்னடத்தை அதிகாரி கிருஷாந்தி முன்னால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். மாவட்டத்துக்கு வெளியே தங்கக் கூடாது. இந்தக் கையெழுத்துக்கு அவள் வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டுத்தான். ஒன்றையும் அவள் தவறவிடவில்லை.

தீர்ப்பில் இல்லாத ஒன்றையும் செய்தாள். லெட்சுமியின் கை கூடினாலும் பாரம் தூக்க வரவில்லை. விடிந்ததும் லெட்சுமியின் இரண்டு குடங்களை நிரப்பி வாசலில் வைத்துவிட்டுத்தான் மரியநாயகி தன் குடத்தைத் தொடுவாள். ஆறு மாதம் இருவருக்கும் பேச்சில்லை, குடம் மட்டும் போய் வந்தது. பிறகு ஒருநாள் லெட்சுமி, "உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாளாம்.

தீர்ப்பாகி இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆன சமயம், மகள் ஷெரோமி மன்னாரிலிருந்து போனில் அழுதாள். தலைப்பிரசவம், மாமியார் இல்லாத வீடு. அம்மா மூன்று மாதமாவது வந்து கூட இருக்க வேண்டும். கிருஷாந்தியால் இரண்டு நாள் அனுமதிதான் கொடுக்க முடியும்.

அந்த நேரம் பார்த்து, கண்காணிப்புக் காலம் இனி இரண்டு வருஷத்தைத் தாண்டக் கூடாது என்று புது விதி வந்தது. நான் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியன். மனு எழுதும் வேலையும் என் தலையில்தான் விழும். அந்த விதி வெளியான பேப்பரை எடுத்துக்கொண்டு அவளோடு ஹட்டனுக்குப் போனேன்.

"விதி வந்தது உண்மதான் மாஸ்டர்" என்றார் கிருஷாந்தி. "ஆனா இனிமே தீர்ப்பு வாங்குறவங்களுக்கு மட்டுமா, முன்னாடி வாங்குனவங்களுக்குமான்னு அதுல ஒண்ணும் சொல்லல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பக்கம் எழுதிய மகராசர்களுக்கு இந்த ஒரு வரி எழுத மட்டும் கை வலித்துவிட்டதா என்ன?

மரியநாயகி நிதானமாகக் கேட்டாள். "மிஸ், தோட்டத்துல ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோவக் கூட்டுனாங்க. அன்னைக்குப் பழைய ஆளு, புது ஆளுன்னு பாக்கலீங்க. கொழுந்துக் கூட கட்டியிருந்த எல்லாருக்குந்தான் கூட்டுனாங்க. கூட்டுறப்ப எல்லாருக்கும், கொறைக்கிறப்ப மட்டும் புதுசா வாறவங்களுக்கா?"

கிருஷாந்தி பேனாவை எடுத்தார். கோர்ட்டுக்கு அனுப்பிய அறிக்கையில் அந்தக் கேள்வியையும் அப்படியே எழுதினார். அந்தப் பெண்ணை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

வழக்கு நாளில் லெட்சுமியையும் கூப்பிட்டிருந்தார்கள். உனக்கு ஆட்சேபணை உண்டா என்று நீதவான் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"கை கூடிருச்சுங்க ஐயா. எனக்குத் தண்ணி தூக்குறதே அவதான். அங்க அவ மக தனியாக் கெடக்குது. போகட்டுங்க."

குறைத்த காலம், இன்னும் முடியாத பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்தும் என்று நீதவான் முடிவு சொன்னார். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது.

வெளியே கிருஷாந்தி ஒரு கடிதத்தை நீட்டினார். "இந்தாங்க. பதிவுல ஒங்க பேர வெட்டியாச்சு."

மரியநாயகிக்கு முகம் வெளிறிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "பேர வெட்டிப்புடாதீங்க மிஸ். பத்துச்சீட்டு வேணாங்க."

நான் சிரித்துவிட்டேன், உடனே வெட்கப்பட்டேன். தோட்டத்தில் பேரை வெட்டிப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தால் வேலையும் போயிற்று, காம்பராவும் போயிற்று; வேறு தோட்டத்தில் சேர அந்தச் சீட்டைத்தான் காட்ட வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு அப்படிக் கொடுத்தபோது அவளுக்கு ஏழு வயது. சட்டி பானையோடு மழையில் ரோட்டில் நின்றவள். இது விடுதலைக் கடிதம் என்று கிருஷாந்தி இரண்டு தரம் சொல்லியும் கை நீளவில்லை. லெட்சுமிதான் அதை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஸ்டேஷனில் மூவரும் நின்றோம். மரியநாயகிக்கு ஒரே கவலை.

"மூணு மாசம் தண்ணிக்கு என்னா செய்வ?"

"எடது கையால அரக்கொடம் அரக்கொடமாத் தூக்குவேன். நீ பேசாமப் போ."

ரயில் வரும் சத்தம் கேட்டது. மரியநாயகி கை நீட்டினாள். "அந்தக் கடிதாசியக் குடு புள்ள. யாராச்சும் கேட்டா காட்டணும்ல?"

"மாஸ்டரு போட்டோக்கொப்பி தருவாரு, அதக் காட்டு" என்றாள் லெட்சுமி. "சீட்டு எங்கிட்டயே இருக்கட்டும். சீட்டு இல்லாதவள வேற எந்தத் தோட்டத்துலயும் பேர் பதிய மாட்டாங்க. பேரப்புள்ளயப் பாத்துட்டு நீ இங்கதான் வந்தாகணும்."

மரியநாயகி அவளுடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துருவேன். வந்த அன்னைக்கே ஓங்கிட்டப் பெரட்டுக்கு நிப்பேன்."