ஆதார் போட்டோ வேண்டாம்

என் போனில் எனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. நான் வரைந்த படங்கள், எழுதிய கவிதைகள், முணுமுணுத்துப் பதிவு செய்த மெட்டுகள் எல்லாவற்றையும் அதில்தான் போடுவேன். சிவகாசியில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். பற்று வரவு படித்துவிட்டு வந்து படம் வரைகிற பிள்ளையை எங்கள் ஊரில் யாரும் கலைஞர் என்று சொல்வதில்லை. கிறுக்கு என்பார்கள், அதையும் பிரியமாகத்தான் சொல்வார்கள். என் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் வகுப்புப் பெண்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், பிறகு எந்த ஊர்க்காரர் என்றே தெரியாத ஒருவர். நான் எதைப் போட்டாலும் அவர் ‘சூப்பர்’ என்று எழுதுவார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று போட்டதற்கும் சூப்பர் என்று எழுதினார்.

வரைவதற்குத் தாளுக்குப் பஞ்சமில்லை. அப்பா ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் நிற்கிறார். மை சரியாக விழுகிறதா என்று ஓட்டிப் பார்த்துக் கழித்த தாள்களைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரே தாளில் முருகன் மேல் பூனைக்குட்டி, பூனைக்குட்டி மேல் ராக்கெட் என்று பல தடவை அச்சாகியிருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டுக்கெல்லாம் அதுதான் அட்டை. நான் அதன் வெள்ளைப் பின்புறத்தில் வரைவேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நான் வரைந்த முகத்துக்குள் ஏதாவதொரு பட்டாசு லேபிள் லேசாகத் தெரியும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

நான் வரைந்ததெல்லாம் தெருப் பெண்களைத்தான். விஸ்வநத்தத்தைத் தாண்டியிருக்கும் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருத்தி பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து கொட்டும். ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் முகத்தை நல்ல வெயிலில் பார்க்க முடியும். குழாயடியில் நிற்கும்போதும் துணி அலசும்போதும் வரைவேன். படத்தைக் காட்டினால் சிரிப்பார்கள், மூக்கு பெரிதாகிவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள், பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

உண்மையில் நான் வரைய ஆசைப்பட்டது அம்மாவை. அம்மா புஸ்வாணத்துக்கு மருந்து கெட்டிக்கிறவள், கூட்டுக்குள் மருந்தைத் திணித்து இறுக்குகிற வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அலுமினியப் பவுடர் அவள் விரல் மடிப்பிலிருந்து போகாது. சோறு பிசைந்து கொடுக்கும்போது கை மினுங்கும். அந்தக் கையோடு அவளை வரைய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்தே ஆசை. உட்காரத்தான் மாட்டாள். தலை சீவவில்லை, நல்ல சீலை கட்டவில்லை, உலை கொதிக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும்.

“என்னைய வரைஞ்சு என்ன செய்யப் போற? தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்க” என்பாள்.

அம்மாவோடு அதே கம்பெனிக்குப் போகிறவள் எதிர்வீட்டு அத்தை. அம்மா அவளை மதினி என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை, மற்றபடி சொந்தமில்லை. அத்தைக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. அதனால் சிரிப்பு வந்ததும் கை தானாக வாயைப் பொத்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கை வருவதற்கு முந்தின நொடியை நான் பிடித்துவிட்டேன். என் படங்களிலேயே அதுதான் உயிரோடு இருந்தது. அதன் கீழே போட நாலு வரி எழுதினேன்.

கை வந்து மூடுவதற்குள்
தப்பித்த சிரிப்பே,
போய்விடு, திரும்பி வராதே,
அவள் பிடித்துவிடுவாள்.

ஒரு மெட்டும் போட்டேன். வார்த்தையில்லாமல், வெறும் முனகல்தான், பின்னால் யார் வீட்டு மிக்ஸியோ ஓடுவதுகூடக் கேட்கும். அத்தையிடம் பெரிய போன் கிடையாது. வேனிலிருந்து இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டச் சொல்வாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போவாள். சூப்பர் என்று எழுதினவர் யார், நல்ல குடும்பமா என்று விசாரித்து என்னைக் கேலி செய்ததும் அவள்தான்.

தை முடிகிற சமயம், ஒரு மத்தியானம் வெடித்தது. எங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் யாரும் உடனே ஓட மாட்டார்கள். முதலில் வெளியே வந்து புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். அவரவர் வீட்டுப் பெண்கள் எந்தத் திசைக்குப் போயிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கால் நகரும். அன்றைக்குப் புகை அம்மாவின் கம்பெனி இருக்கும் திசையில் இருந்தது. அம்மாவின் எண்ணுக்கு அடித்தேன், மணி போனது. வேலைக்குப் போகிறவர்கள் போனைக் கேட்டிலேயே வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். மணி போவதற்கும் ஆள் இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே ஓடினேன்.

அம்மா பாதி வழியில் எதிரே வந்தாள், காலில் செருப்பில்லை. மருந்து அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். வெடித்தது அம்மாவின் அறையில்லை, அத்தையின் அறை. மதினி, மதினி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அழுகை அதற்கு அப்புறம் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது முகத்தைத் திறந்து காட்டவில்லை. சாயங்காலம் அத்தையின் மகன் வந்து நின்றான். தெரு முக்கில் வைக்க பிளக்ஸ் அடிக்க வேண்டும், கடையில் போட்டோ கேட்கிறார்கள் என்றான். வீட்டில் இருந்தது ஆதார் கார்டு ஒன்றுதான். அதில் அத்தை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தது போல முழித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பத்து நாள் பார்க்க முடியாது என்று அவன் அழுதான். நான் என் படத்தை அனுப்பினேன். கவிதையையும் சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பிளக்ஸ் நின்றது. நூல் சீலையில் இருந்த அத்தைக்குக் கடைக்காரர்கள் பட்டுச்சீலை கட்டியிருந்தார்கள். பின்னால் நீல வானம், இரண்டு புறா, கீழே குத்துவிளக்கு. பல்லுக்கு நடுவில் இருந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். போய்விடு, திரும்பி வராதே என்ற வரி செத்த வீட்டுக்கு ஆகாது என்று கவிதையை எடுத்துவிட்டு, எல்லா பிளக்ஸிலும் போடுகிற கண்ணீர் வரிகளைப் போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த வரி அங்கே யாருக்கும் ஆகாதுதான். என் மெட்டை மட்டும் விட்டுவிடவில்லை. யாரோ எடுத்து அந்தப் படத்துக்குப் பின்னால் போட, அந்த வாரம் முழுக்க எல்லார் ஸ்டேட்டஸிலும் அது முனகியது. மிக்ஸி சத்தமும் சேர்ந்தே கேட்டது. அதுவரை என் பக்கத்தை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். அந்த மனிதர் வழக்கம்போல சூப்பர் என்று எழுதினார். அவரை அன்றைக்கே என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

காரியம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். குழாயடியில் வரைந்தவள், துணி அலசும்போது வரைந்தவள், மூக்குக்குச் சண்டை போட்டவள், எல்லாரும்.

“ஒம் மேல குத்தமில்ல தாயி. ஆனாலும் எம் படத்த எடுத்துரு” என்றாள் மூக்குக்காரி.

எனக்குக் கோபம் வந்தது. படம் போட்டதாலா மருந்து வெடித்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கம்பெனிக்குப் போகிற ஒருத்தியின் முகத்தை யாராவது பெரிதாக்கி ஊர் பார்க்க வைப்பது ஒரே ஒரு தடவைதான். அவர்கள் கண்ணுக்கு என் படமெல்லாம் அந்த ஒரு தடவைக்கு முன்கூட்டியே வந்துவிட்டதாகத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் என் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் சில ஆடுகளும் மிஞ்சின. அம்மாவும் மனுசரை வரைய வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கவிதை எழுத உட்கார்ந்தால் கண்ணீர் அஞ்சலி வரிகளாகவே வந்தன. பாட்டை விட்டேவிட்டேன்.

அந்தக் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். கொஞ்ச நாள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். பிறகு வேறொரு கம்பெனியின் வேன் வந்து தெரு முக்கில் நின்றது, ஏறிப் போனார்கள். மழை பொய்த்த கரிசலில் அவர்களை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூக்குக்காரி மறுபடி வந்தாள். பட்டுச்சீலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். விசேஷ வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். கதவை லேசாகச் சாத்திவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

“என்னைய ஒண்ணு வரைஞ்சு வச்சிரு. எங்கயும் போட்டுராத, வச்சிக்க மட்டும் செய்யி. நாளப்பின்ன ஒண்ணுன்னா அந்த ஆதார் போட்டோவப் போட்டுருவாக. எம் பிள்ளைக பயந்துரும்.”

பென்சிலை எடுத்தேன். மூக்கைச் சின்னதாக வரையச் சொன்னாள், வரைந்தேன். காதில் இல்லாத தோட்டை வரையச் சொன்னாள், அதையும் வரைந்தேன். கையை மட்டும் வேண்டாம் என்று முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். முடிந்ததும் பார்த்து, இது போதும் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு அன்றைக்கு மனசு லேசாகியிருந்தது.

அவள் போய் என்ன சொன்னாளோ, அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களும் வந்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்துகூட வந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கல்யாணத்துக்குப் போவது போல உடுத்திக்கொண்டு வருகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது மாமியாரைப் பற்றியும் வேன் டிரைவரைப் பற்றியும் பேசிச் சிரிக்கிறார்கள். நான் வரைந்ததை இத்தனை பேர் தேடிவந்து கேட்டதே இல்லை. படங்களைச் சுருட்டி என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். ஒன்றையும் யாருக்கும் காட்டக் கூடாது. காட்டுகிற நாள் வரக் கூடாது என்றுதான் நானும் கும்பிடுகிறேன், ஆனால் வராது என்று நம்புகிற அளவுக்கு எனக்குத் தைரியமில்லை. அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன்.

ஆனி மாதம் அம்மா வந்து உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்து, இருக்கன்குடி கோயிலுக்குக் கட்டிப்போகிற சீலையைக் கட்டியிருந்தாள். எத்தனை வருஷ ஆசை எனக்கு. அவளை அப்படிப் பார்த்ததும் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு, உன்னை வரைய மாட்டேன், வேண்டுமானால் ஸ்டுடியோவுக்குப் போ என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை.

“ஊருக்கெல்லாம் வரையிற. பெத்தவளுக்கு மட்டும் அந்தத் திருட்டு முழிய மாட்டப் போறீகளா?” என்றாள்.

வரைந்தேன். நெற்றி, கண், பேசாமலிருக்கும்போது ஒரு பக்கம் லேசாக இறங்கும் உதடு எல்லாம் கேட்காமலே வந்தன. நான் வரைந்த படங்களில் அத்தையுடையதற்கு அடுத்து இதுதான் உயிரோடு இருக்கிறது. கையையும் வரைந்தேன், மினுங்குகிற விரலோடு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கையை அழிக்கச் சொன்னாள், நான் அழிக்கவில்லை. படத்தை முடிக்கவும் இல்லை. ஒரு காதை வரையாமல் விட்டிருக்கிறேன். முடிந்துவிட்டால் அது கட்டிலுக்கடியில் போக வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா அதே சீலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்காருகிறாள். நானும் பென்சிலைச் சீவுகிறேன், அவள் முகத்தைப் பார்க்கிறேன், தாளைத் தொட்டும் தொடாமலும் எதையோ செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்கிறேன். போன வாரம் எழுந்து போகும்போது அம்மா கதவுப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“ஆடி பெறந்தா தீவாளி சீசன் வேல வந்துரும். அதுக்குள்ள முடிச்சுரு தாயி” என்றாள்.