குறை சொல்லத் தெரியாத ஊர்

உலகத்தில் மக்கள் நலமாக வாழும் நாடுகளின் முன்வரிசையில் நாங்கள் நிற்கிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த பத்திரிகையின் மேல் கோப்பிக் குவளையை வைத்துவிட்டு, பெரித் தன் நாட்டைத் திட்டத் தொடங்கினாள். பெரித் என்னோடு மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவள். நோர்வேயின் வடக்குக் கரையில், நான் வந்து சேர்ந்திருக்கும் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். முழங்கால் வருத்தத்துக்கு வைத்தியசாலையில் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறதாம். வீதியில் பனி அள்ளுகிறவர்கள் சோம்பேறிகளாம். மந்திரிமாருக்கு வடக்கு என்று ஒரு திசை இருப்பதே தெரியாதாம். சுற்றியிருந்தவர்கள் மாட்பாக்கே என்று சொல்லும் மதியப் பாண் பொதியைப் பிரித்தபடியே தலையாட்டினார்கள். ஆளுக்கொரு குறையை எடுத்து மேசையில் போட்டார்கள். ஒருவர் முகத்திலும் பயமில்லை, வெட்கமுமில்லை. இவ்வளவு குறை சொல்கிற சனம் எப்படி முன்வரிசைக்குப் போனது என்று எனக்கு விளங்கவேயில்லை. ஆட்களிடம் போய், உன் வாழ்க்கைக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை போடுவாய் என்று கேட்டுத்தான் அளக்கிறார்களாம். பெரித் எட்டுப் போடுவாளாம். "இவ்வளவு திட்டிவிட்டு எட்டா?" என்று கேட்டேன். "திட்டுவது வேறு, வாழ்வது வேறு. அதுசரி, உங்கள் ஊர் ஆட்கள் எத்தனை போடுவார்கள்?" என்றாள்.

பத்து என்றேன். சண்டை நடக்கிற நாட்டிலா என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பகிடி விடுவதாக நினைத்துவிட்டாள். நான் பகிடி விடவில்லை. சூசை அத்தானை மனதில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

சூசை அத்தான் என் அக்காவின் புருசன். மன்னார்த் தீவில் எங்கள் ஊர்க் கடற்கரையில் சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். போன பனிக்காலத்தில் இங்கே வந்து அகதியாக ஏற்கும்படி கேட்டார். அக்காவும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும் இன்னும் ஊரில்தான். அத்தானை ஏற்றுக்கொண்டால் அவர்களையும் கூப்பிடலாம். மறுத்தால் அத்தானைக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அதனால் முதல் விசாரணைக்கு அவர் போன அன்று எனக்கு வேலையில் கை ஓடவில்லை. பின்னேரம் மனுசன் கலியாண வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி முகம் மலர்ந்து வந்து கதிரையில் இருந்தார்.

"நல்லாப் போச்சுது மச்சாள். விசாரிச்சவ தங்கமான மனுசி. நான் உள்ளுக்குப் போக எழும்பி நிண்டு கை தந்தவ. தன்ரை கையாலை கோப்பி ஊத்தித் தந்தவ."

"ஊர் நிலைமையைக் கேட்டவவோ?"

"ஓம், கேட்டவ. ஆண்டவற்றை கிருபையாலை ஒரு குறையுமில்லை, நல்லா இருக்கிறம் எண்டு சொன்னனான்."

"ஐயோ மாதாவே! அகதியெண்டு வந்து நிண்டுகொண்டு ஒரு குறையுமில்லை எண்டோ சொன்னனீங்கள்? உங்கட கையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

அத்தானின் வலது கை மடங்காது. ஊரை விட்டு நான் வரும்போது நன்றாக இருந்த கை; என்ன நடந்தது என்று எனக்கும் சொன்னதில்லை. கை குலுக்கும்போதே அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது.

"கேட்டவதான். வலை இழுத்ததிலை வந்தது எண்டிட்டன். பின்னை என்ன மச்சாள், முதல் முதல் கண்ட பிறத்தி மனுசியிட்டை எங்கட வீட்டுக் குப்பையைக் கொட்டுறதோ? ஊரைப் பற்றி என்ன நினைப்பா?"

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் அத்தானைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். தொழிலுக்குப் போகத் தடை போட்டு, கடல் பூட்டிக் கிடந்த அந்த வருசத்தை நினைத்துப் பாருங்கள். வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன, மண்ணெண்ணெய் இல்லை, அக்கா வீட்டில் கஞ்சியும் ஒருநேரம்தான். அப்போதுதான் கரையோரச் சனம் எப்படி வாழ்கிறது என்று பார்த்து எழுத வெளிநாட்டுக்காரர் சிலர் வரப்போவதாக எங்கள் பங்குச் சுவாமியார் பூசையில் அறிவித்தார். அவர்கள் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் நிவாரண லொறி வருமாம். எங்கள் சனம் என்ன செய்தது? கோயில் மண்டபத்துக் கதிரைகள் அக்கா வீட்டுக்கு வந்தன. பக்கத்து வீட்டிலிருந்து பூப்போட்ட மேசை விரிப்பு, இன்னொரு வீட்டிலிருந்து கண்ணாடிச் சாப்பாட்டுக் கோப்பைகள். அக்கா அலுமாரியைத் திறந்து கலியாணச் சீலையை எடுத்துக் கட்டினாள். கரையோரத் தண்ணீரில் கம்பு நட்டு வலை கட்டிய களங்கட்டியில் நின்று அத்தான் பிடித்த நண்டு முழுவதும் கறியானது; மிஞ்சியிருந்த ஒரே சேவலும் போனது. வந்தவர்களில் ஒரு பெண் அத்தானிடம், உங்களுக்கு என்ன தேவை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாள். "முதல் சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" என்று சொல்லி அவளுடைய கோப்பையில் இன்னொரு நண்டை வைத்தார். பிறகு கதைக்கவேயில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோசமாகப் போனார்கள். லொறி தீவுக்குள் வரவில்லை. தீவுக்கு வெளியே, நறுவிலிக்குளம் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டோம். அங்கே மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிக் கூலிவேலை செய்யும் சனம் இல்லாததை இல்லை என்று சொல்லியிருக்கிறது. அது அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அக்கா கதிரைகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

இங்கே அத்தானுக்கு மறுப்பு வந்தது. காரணத்தைச் சட்டத்தரணி வாசித்துக் காட்டினார். ஊரில் குறையில்லை என்று இவரே சொல்லியிருக்கிறாராம். நாங்கள் மேன்முறையீடு செய்தோம், இன்னொரு விசாரணைக்கு நாள் கிடைத்தது. இந்த முறை நான் கூடப் போகலாம். அதற்கு முன்னால் அத்தானுக்குக் குறை சொல்லப் பழக்குவதுதான் என் வேலையாகிவிட்டது. சனிக்கிழமைகளில் அகதி முகாமிலிருந்து என் வீட்டுக்கு வருவார். என்னை அந்த அதிகாரி என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கோ என்பேன். மனுசன் சுவரைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார். "வெயில் கொஞ்சம் கூட" என்பார். "சோளகக் காத்து எழும்பினால் கரையிலை நிக்கேலாது" என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். காத்துக்காக ஆரும் ஓடிவாறதோ அத்தான் என்று கத்தினால், சாப்பாட்டைப் போடு மச்சாள் என்று எழும்பிவிடுவார்.

அவரைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி? அக்கா மன்னார் பட்டினத்துக்கு வந்து தொலைபேசிக் கடையிலிருந்து எனக்கு அழைப்பு எடுப்பாள். அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. "நாங்கள் சுகம், ஒரு பிரச்சினையுமில்லை" என்பாள். நானும் சுகம் என்பேன். குளிர்ந்த மீனைப் பிடித்துப் பிடித்து விரல் நுனி விறைத்துப்போனதைச் சொல்லமாட்டேன். சூரியன் எழும்பாத இருட்டுக்காலத்தில் காரணமில்லாமல் குளியலறையில் இருந்து அழுததையும் சொல்லமாட்டேன். பெரித்தின் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம்தான் அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு ஊர் இந்த நாட்டுக்கு எத்தனை போடும் என்று யோசியுங்கள். நான் வந்த புதிதில் பெரித்துக்கு எங்கள் நாடு உல்லாசப் பயணப் புத்தகத்தில் வந்த தென்னைமரம். இவ்வளவு அழகான இடத்தை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டிருக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு நாங்கள் காட்டுவதுதான் தெரியும். உள்ளே இருக்கிறவன் வாயைத் திறப்பதில்லை. பிறகு எதை வைத்து யார் அளப்பது?

விசாரணை அன்று அதிகாரி வேறு. அவரும் எழும்பிக் கை கொடுத்தார். போச்சுது, இனி இவர் குறை சொன்னபடிதான் என்று நினைத்தேன். எங்கள் கரையோரத்தைப் போய்ப் பார்த்தவர்கள் எழுதியதை அவர் எடுத்து வாசித்தார். சந்தை நடக்கிறது, கோயில் திருவிழா நடக்கிறது, மக்கள் வருகிறவர்களை நன்றாக உபசரிக்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல, அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம், ஓம். அது எங்கட பக்கம்தான்" என்றார், முகமெல்லாம் பெருமை.

நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அதிகாரி தலையாட்டினார். அவர் கெட்ட மனிதரில்லை, ஒரு நியாயமான கேள்வியைத்தான் கேட்டார்: "அப்படியென்றால் உங்கள் மனைவியும் மகள்மாரும் அங்கே நன்றாக வாழலாம்தானே?"

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் செத்துப் பிழைத்தேன். பிறகு வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"இது வலை இழுத்ததிலை வந்ததில்லை ஐயா. நான் பொய் சொன்னனான்."

பிறகு சொன்னார். காற்று இழுத்து, அனுமதித்த நேரத்துக்குப் பிந்தி வள்ளம் வந்த ஒரு காலையில், துவக்கோடு நின்றவர்கள் அவரைக் கரையில் முழங்காலில் இருத்தினார்கள். யார் அவர்கள் என்று இதில் எழுதமாட்டேன். அக்கா அங்கே இருக்கிறாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த சனம் முழுவதும் அவரைக் கடந்து, தலையைக் குனிந்துகொண்டு போனது. மூத்த மகள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். அவளைத் தள்ளிவிழுத்தினார்கள். இவர் எழும்பினார். அதற்குத்தான் கையில் அடி. "என்ரை பிள்ளை விழுந்ததுக்குப் பிறகு நான் அந்தக் கரையிலை கால் வைக்கேல்லை" என்றார். தொலைபேசியில் எத்தனை தரம் கதைத்தும் அக்கா வாயாலும் இதை நான் கேட்டதில்லை. மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாய்விட்டே அழுதேன்.

முடிவு பிறகு சாதகமாகத்தான் வந்தது. அக்காவையும் பிள்ளைகளையும் கூப்பிடுவதற்கான அலுவல்கள் இப்போது நடக்கின்றன. ஆனால் விசாரணை முடிந்த அன்று பின்னேரம் எங்கள் தீவுக்குத் திரும்பிய பயணிகள் படகில் அத்தான் இருந்த கோலத்தை என்னால் மறக்க முடியவில்லை. இனி வென்ற மாதிரித்தான் அத்தான் என்றேன். மனுசன் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னத்தை வெண்டது பிள்ளை? ஊரைக் காட்டிக் குடுத்திட்டன். தலையைக் குனிஞ்சுகொண்டு போன சனத்தைப் பற்றியும் சொல்லிப்போட்டன். அதுகள் பாவங்கள், என்ன செய்யும்?"

முன்னிருக்கையில் இருந்த ஒரு நோர்வேக் கிழவர், மீன்பிடித்து ஓய்ந்தவர் போலத் தெரிந்தது, திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்து, எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை, மன்னார், கடற்கரை என்று சொன்னேன். அங்கே எப்படி என்றார். ஊரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அத்தானுக்கு விளங்கிவிட்டது. சால்வையை எடுத்துக் கண்ணைத் துடைத்து, தனக்குத் தெரிந்த ஒரேயொரு நோர்வேச் சொல்லைச் சொன்னார். "ப்ரா." நல்லது என்று அர்த்தம். அது போதாதென்று என் பக்கம் திரும்பினார். "நல்ல கடல், நல்ல சனமெண்டு சொல்லு மச்சாள். வடிவாச் சொல்லு."

வடிவாகவே சொன்னேன். கிழவர் சந்தோசமாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப எப்போது திரும்பிப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அத்தான்.

"உங்கட கடலிலை என்ன மீன் படுமெண்டு கேக்கிறார்" என்றேன்.

அத்தானின் முகம் தெளிந்தது. பாரை, விளை, ஓரா, சீலா என்று அடுக்கத் தொடங்கினார். கிழவர் தன் கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாரைக்கு நோர்வே மொழியில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.