சாம்பல் டிபார்ட்மென்ட்

"மிஸ், நீங்கதான கெமிஸ்ட்ரி? அப்ப சாம்பல் உங்க டிபார்ட்மென்ட்."

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே தலைமையாசிரியை சிஸ்டர் இப்படிச் சொல்லி ஒரு இரும்புச் சட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் ரோட்டில் எங்கள் பள்ளி. போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலைகளை லேபுக்குப் பின்னால் எரித்து, சலித்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசத் தயார் செய்வது ஓய்வு பெறும்வரை என் வேலை. காற்றடித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முகமெல்லாம் கரி.

எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக்கள். திருநீறு பழகிய நெற்றிகள். சாம்பல் பூசிக்கொள்ளக் கூப்பிடாமலே வரிசைக்கு வந்துவிடுவார்கள். அதிலும் பிளஸ் டூ பிள்ளைகளில் ஒருத்தி பாக்கி இருக்க மாட்டாள். பரீட்சை நெருங்கினால் எந்தச் சாமியையும் விட்டுவைப்பதில்லை.

ஒரு வருடம் சாம்பல் புதனன்று, பிளஸ் டூ ஹாஸ்டல் மாணவி காவியாவைப் பார்க்க மலையிலிருந்து அவள் அம்மா சின்னப்பொண்ணு வந்திருந்தார். மகளோடு அவரும் வரிசையில் நின்றார். பூசை வைக்க வந்திருந்த ஃபாதர் காவியாவின் நெற்றியில் சாம்பலைப் பூசி, மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்கே திரும்புவோம் என்று நினைவூட்டும் வழக்கமான வார்த்தையைச் சொன்னார்.

சின்னப்பொண்ணு முந்தானையால் மகளின் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

"இன்னா சாமி இது? போன வருசந்தான் எம் பையன மண்ணுல போட்டுட்டு வந்தேன். இருக்கிறது இவ ஒருத்தி. இவளையும் மண்ணுக்குப் போவன்னு சொல்லிக்கினு இருக்கீங்களே! ஏ காவியா, பொட்டிய எடு. பரீட்சையும் வாணாம், ஒண்ணும் வாணாம். வூட்டுக்குப் போலாம்."

காவியா அழுதாள். லேபில் ஒரு சொட்டுகூடப் பிசகாமல் டைட்ரேஷன் செய்கிற பெண். நர்சிங் படிக்க ஆசைப்பட்டவள். சிஸ்டர், "அம்மா, இதுக்கு அர்த்தம் என்னன்னா..." என்று ஆரம்பித்தார். ஃபாதர் கையமர்த்தினார்.

"உங்க கோவம் நியாயம்மா. ஆனா சாவு எனக்கும்தான். எனக்கு இன்னும் யாரும் பூசல. உங்க கையால பூசி விடுங்க."

சாம்பல் தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு முழந்தாளிட்டார்.

சின்னப்பொண்ணு தட்டில் விரலைத் தோய்த்தார். அவர் நெற்றி நிறையப் பூசினார்.

"நல்லா இரு சாமி. உன்னப் பெத்தவ வயிறு குளிரணும்."

ஃபாதர் எழுந்திருக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. சின்னப்பொண்ணு அதே கையால் மகளுக்கும் பூசினார். "பரீட்சைய நல்லா எழுதிட்டு வாடி" என்றார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக அவர் முன்னால் போய் நின்றார்கள். சிஸ்டரும் போனார். என் முறை வந்தபோது நானும் நெற்றியைக் காட்டினேன். அத்தனை பெரிய பூசையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

புதிதாக வந்த டீச்சர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையைச் சிறுவயதிலிருந்து வருடா வருடம் கேட்டு, சாம்பல் நெற்றியோடு அடுத்த பீரியடுக்கு ஓடியவள் நான். சின்னப்பொண்ணு ஒரே ஒரு முறை கேட்டார், பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இப்போது என் நெற்றியில் சாம்பல் படும்போதெல்லாம் என் இரண்டு பிள்ளைகளின் முகம் கண்முன் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இருவருக்கும் போன் செய்கிறேன்.