துணிகரத்தில் முதலிடம்

சடையப்பன் மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். பண்ருட்டியில் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றினார். முப்பது வயதில் சொந்த லாரி, நாற்பதில் கடலூர் முதுநகரில் முந்திரி குடோன். யார் கையையும் பிடித்து மேலே வந்தவரில்லை. அவரோடு ஐந்து நிமிடம் பேசினால் இதெல்லாம் தெரிந்துவிடும், அவரே சொல்லிவிடுவார். சொல்லத் தகுந்ததைச் சொன்னால் என்ன தப்பு?

ஐம்பதைத் தாண்டியபின் புதிதாகக் கடை போடத் தவிக்கிறவர்களுக்கு முதல் போட ஆரம்பித்தார். வட்டி கிடையாது. கடை ஓடினால் பங்கு, கவிழ்ந்தால் இருவருக்கும் நாமம்.

இப்படி முதல் போடுகிறவர்களுக்குச் சிதம்பரத்தில் ஒரு சங்கம் இருந்தது. செயலாளர் செந்தமிழ்ச்செல்வன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெளிநாட்டில் பெரிய முதலீட்டாளர்களை வருடாவருடம் வரிசைப்படுத்திப் பத்திரிகையில் போடுகிறார்களாம், நமக்கென்ன குறைச்சல் என்று 2007-இல் அவரும் தொடங்கினார். வென்ச்சர் கேப்பிட்டல் என்கிற இந்த வகை முதலுக்குத் ‘துணிகர முதல்’ என்று பெயர் சூட்டி, ‘முன்னணித் துணிகர முதலீட்டாளர் பதின்மர்’ பட்டியலை வெளியிட்டார். சங்கத்தில் இருந்ததே பத்துப் பேர்தான். அதனால் யாரும் விடுபட்டுப் போனதில்லை.

நவம்பர் முதல் திங்கட்கிழமை செயலாளர் வாடகைக் காரில் எல்லாக் கடைகளையும் சுற்றி வருவார். கதவு திறந்திருந்தால் முதல் போட்டவருக்கு ஒரு மதிப்பெண். உள்ளே வியாபாரம் நடக்கிறதா என்று பார்ப்பதில்லை. பார்த்தால் பட்டியல் போட முடியாது.

நான்கு வருடமாகச் சடையப்பனுக்கு இரண்டாமிடம். முதலிடம், மனைவி புஷ்பவள்ளியின் தம்பி, புவனகிரி காத்தவராயனுக்கு. தீபாவளிக்கு வந்தால் இலைமுன் உட்கார்ந்தபடியே கேட்பான்.

“இன்னா மாமா, இந்த வருசமும் ரெண்டுதானா?”

“சாப்புடு மச்சான். இந்த வருசம் நீ என் பின்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கப் போற.”

2011-இல் அந்தப் பேச்சுக்கு ஆதாரமும் இருந்தது. காத்தவராயனுக்கு ஆறு கடை, சடையப்பனுக்கு ஏழு. குறிஞ்சிப்பாடியில் மின்வெட்டுக்கு நடுவே ஒரு பிரவுசிங் சென்டர். பண்ருட்டியில் முந்திரிப்பழ ஜூஸ் கடை. குடித்தவர்கள் தொண்டையைச் சொறிந்துகொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. சிதம்பரம் பேருந்து நிலையத்தருகே மலர்க்கொடி என்ற பெண்ணுக்கு, கரண்ட் இருக்கும்போது செல்போனுக்கு சார்ஜ் ஏற்றும் கடை. மற்ற நான்கும் இதே ரகம்தான். எதுவானாலும் ஏழு ஏழுதானே?

வெற்றி உறுதியான பிறகு எதற்குக் காத்திருப்பது? கணக்கெடுப்புக்கு முந்தின நாளே ஏழு கடை வாசலிலும் ஃபிளெக்ஸ் கட்டச் சொன்னார். ‘துணிகர முதலீட்டாளர்களில் முதலிடம்’ என்று எழுதினால் தன் படம் சிறுத்துவிடும் என்று வார்த்தையைக் குறைத்தார். ஆளுயரப் படம், அதற்கு மேலே சிவப்பு எழுத்தில்: ‘துணிகரம்! சடையப்பன் முதலிடம்!’

திங்கட்கிழமை காலை முதல் போன், குறிஞ்சிப்பாடி பிரவுசிங் சென்டர் அறிவுமதியிடமிருந்து.

“ஐயா, நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. கடையச் சாத்திட்டு மாமியா வூட்டுக்கு வந்துட்டேன். நீங்களும் கொஞ்ச நாள் எங்கனா போயிடுங்க.”

சடையப்பன் போனை வைப்பதற்குள் வாசலில் ஒரு போலீஸ்காரர்.

“எந்தத் துணிகரம்ங்க? நம்ம லிமிட்லயா நடந்துச்சு?”

சடையப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேப்பரில் முந்திரி விலைக்கு மேல் எதையும் அவர் படித்ததில்லை. புஷ்பவள்ளி அன்றைய பேப்பரை மூக்குக்கு நேரே நீட்டினாள்: ‘பட்டப்பகலில் துணிகரம்: பெண்ணிடம் ஐந்து பவுன் பறிப்பு.’

“கொள்ளையடிச்சாதாங்க பேப்பர்ல துணிகரம்னு போடுவான். அத உங்க படத்துக்கு மேல எழுதி ஊரெல்லாம் கட்டி வச்சிருக்கீங்களே!”

சடையப்பன் தன் படத்தை நினைத்துப் பார்த்தார்.

“அதுலயும் நான்தான் முதலிடம்னு போலீஸ்காரனே நம்பியிருக்கான் பாரு!”

சமாளித்துப் போலீஸ்காரரை அனுப்பிவிட்டுக் கார் எடுத்துக்கொண்டு பறந்தார். கடைக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடியிருந்தார்கள். ஆறு கடையில் பூட்டு. செயலாளர் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விட்டார். மலர்க்கொடியின் கடை மட்டும் திறந்திருந்தது.

“நீ ஏம்மா ஓடல?”

“எனக்கு எங்க எழுத்து தெரியும்ணா? பெருசா ஒங்க படம் இருந்துச்சு. ஐயோ, நல்ல மனுசன் போயிட்டாரேன்னு ரெண்டு ஊதுவத்தி கொளுத்தி வச்சேன்.”

ஒரே மதிப்பெண். சடையப்பன் பத்தாமிடம்.

“விழாவுக்குப் போவல,” என்று படுத்துவிட்டார்.

“போவலன்னாலும் என் தம்பி சிரிப்பான், போனாலும் சிரிப்பான். எழுந்திருங்க, சாப்பாடாவது நல்லாருக்கும்,” என்றாள் புஷ்பவள்ளி.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. செயலாளருக்கு விறுவிறுப்பு பிடிக்கும். பட்டியலைக் கீழிருந்து வாசிப்பார். அதனால் அன்று மைக்கில் முதலில் ஒலித்த பெயர் சடையப்பன். முதல் மாலை, முதல் பொன்னாடை, முதல் கைதட்டல். மேடையில் பத்து நாற்காலியும் காலி. வேறொருவராக இருந்தால் ஓரமாக ஒடுங்கியிருப்பார். சடையப்பன் நேரே நடுநாற்காலிக்குப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பிறகு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு நாற்காலி போட மறந்திருந்ததால் அவரும் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக முதலிடம் காத்தவராயன் ஏறி வந்தபோது நாற்காலி இல்லை. மாலையோடு இப்படியும் அப்படியும் பார்த்தான்.

“அப்படியே பின்னால நில்லுங்க சார், எடுத்துடலாம்,” என்றார் போட்டோக்காரர்.

சடையப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சொன்னேனா இல்லையா மச்சான்? தலையத் தூக்கு. என் பின்னாடி நின்னா நீ தெரிய மாட்ட.”